பதினேழாம் இலக்கமும் நாற்பது வூர்ஸ்டும்

விளையாட்டு மண்டபத்தில் வூர்ஸ்ட், அதாவது சொசேஜ், சுடுகிறவனுக்கு ஆட்டம் என்பது எப்போதும் முதுகுக்குப் பின்னால் நடக்கிற ஒன்று. கலியாண வீட்டில் பந்தி பரிமாறிக் களைத்து, தாலி கட்டினதைப் பார்க்காமலே வீடு திரும்பியவர்கள், கோயில் திருவிழாவில் செருப்புக்குக் காவல் நின்று தேரைத் தவறவிட்டவர்கள், கலைவிழாவில் திரை இழுத்தே நாடகத்தைக் கோட்டை விட்டவர்கள் எல்லோரும் என் இனத்தார். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த இடம் மன்னார். பெயர் அன்ரன். அது தங்கள் ஊர்ப் பெயர் என்று சுவிஸ்காரர் நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுவார்கள், நானும் திருத்துவதில்லை. பகலில் துன் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறை. ஐஸ் ஹொக்கிக் காலம் தொடங்கினால் கிழமையில் ஒரு நாளோ இரண்டு நாளோ ரயில் ஏறி, ஒரு கழகத்தின் மண்டபத்துக்குப் போய் கிரில்லுக்கு முன்னால் நிற்பேன். எந்தக் கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றக் கழகத்தாரின் ஆட்கள் இதற்குமேல் வாசிக்கமாட்டார்கள்.

பதினொரு வருடத்தில் ஒரு கோலைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கடை, நின்றுகொண்டு பார்க்கிறவர்களின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு மேல் கொங்கிரீட், அதற்கு மேல் சனம். ஒரு ரிவி இருக்கிறது, அதுவும் வாடிக்கையாளரைப் பார்த்தபடி. எங்களுக்குத் தெரிவது அதன் வயர்கள்தான். ஆகவே நான் ஆட்டத்தைக் காதால்தான் படித்தேன்.

இங்கே வருகிற சுவிஸ்காரர் பேசினதெல்லாம் பேர்ன் பக்கத்து ஜெர்மன். என் காதுக்குள் நுழையும்போதே அது எங்கள் தமிழாகிவிடும். அப்படியே தருகிறேன்.

முதல் நாள்

முதல் நாள் என்னைப் பழக்கியவர் பவானி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி. உருளைக்கிழங்குப் பொரியலும் கல்லாவும் அவருடைய பொறுப்பு. எனக்கு முன்பே ஆறு வருடம் அங்கே நின்றவர். "ஆட்டம் மூண்டு பகுதி. ரெண்டு இடைவேளை. ஒவ்வொரு இடைவேளைக்கும் எட்டு நிமிசம் இருக்கேக்கை வூர்ஸ்டைப் போட்டிட வேணும். எங்கட ஆக்கள் கோல் அடிச்சா நாப்பது கூடப் போடும். மற்றவை அடிச்சா ஒண்டும் போடாதையும், சனம் பியர்தான் குடிக்கும்" என்றார். பதினொரு வருடமாக நான் மீறாத வேதம் இது.

விதியைச் சொல்லி வாய் மூடவில்லை, மேலே கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். கொங்கிரீட்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான கால்கள் குதித்தன. கப்பல் ஹோர்ன் ஒன்று நீளமாக ஊதியது. என் நாட்டில் என் வயதில் வளர்ந்தவர்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். இடுக்கியை எறிந்துவிட்டு மேசைக்குக் கீழே படுத்துவிட்டேன். தலையைக் கையால் மூடியபடி கிடந்தபோது, ஒலிபெருக்கியில் ஒருவர் யாரோ ஒருவரின் முதற்பெயரைச் சொல்வதும், ஆறாயிரம் பேர் அவருடைய குடும்பப் பெயரைத் திருப்பிச் சொல்வதும் கேட்டது. மூன்று தரம் அப்படி. அறிவிப்பாளர் பாதிப் பெயர், சனம் மீதிப் பெயர். எங்கள் அணி கோல் போட்டால் அதுதான் வழக்கமாம். எதிரணி போட்டால் ஹோர்னும் இல்லை, கூச்சலும் இல்லை. அறிவிப்பாளர் ஆஸ்பத்திரியில் இலக்கம் கூப்பிடுகிற குரலில் முழுப்பெயரையும் தானே வாசித்து முடித்துவிடுவார்.

தரையில் கிடந்தபடியே எனக்கு மெய்சிலிர்த்தது. ஆறாயிரம் பேர் சேர்ந்து ஒரு மனிதனின் பெயரை, அவன்மேல் உள்ள அன்பினால் மட்டுமே கத்துவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பவானி அக்கா பொரியலைக் குலுக்கியபடி கீழே குனிந்து பார்த்தார். அவருக்கு நான் கிடந்த காரணம் தெரியும். சொன்னது இவ்வளவுதான்: "எழும்பும் தம்பி. கோல் அடிச்சிருக்கினம், நாப்பது போட வேணும்."

ஹவுசியும் வால்டரும்

ஹவுசி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வால்டர் தச்சர். இருவரும் இருபத்தாறு வருடமாக எங்கள் கடைக்கு நேர் மேலே, ஒரே படியில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறவர்கள். அந்தக் கம்பியில் பூச்சு போய்விட்டது என்று மேலே போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

முதல் இடைவேளைக்கு வூர்ஸ்ட் வாங்குவது ஹவுசியின் முறை. இரண்டாவது வால்டரின் முறை. எவர் வந்தாலும் இரண்டு. ஹவுசிக்கு நிறையக் கடுகுச் சாந்து வைத்தது. வால்டருக்கு ஒன்றும் வைக்காமல், தோல் கறுத்து வெடிக்கும்வரை சுட்டது. மற்றவர்கள் திருப்பித் தருவதை வால்டர் கேட்டு வாங்குவார். பேச்சே தேவையில்லை. ஒருவர் தலை தெரிந்தால் என் கை இரண்டை எடுத்துவிடும்.

ஒரு முறை வால்டரைக் குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஹவுசி தனியாக வந்தார், கைத்தொலைபேசி காதில். மறுமுனையில் வால்டர். ஆட்டம் முழுவதையும் இவர் அவருக்கு வாயால் காட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் வந்து வழக்கம்போல இரண்டு கேட்டார். கடுகு வைத்ததை முதலில் தின்றார், பிறகு கருகினதை முகம் சுளித்துக்கொண்டே தின்றார். ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டேன். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அவனுக்கு இண்டைக்கு ஒண்டும் சாப்பிடக் கூடாதாம். அவன்ரை பங்கையும் ஆரோ சாப்பிடத்தானே வேணும்."

வரிசையில் நின்றவர்

இனி எங்கள் நட்சத்திரத்தைப் பற்றி. சில்வன் கப்பெலர், பதினேழாம் இலக்கம். எட்டு வருடமாக எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். அவர் எங்கள் கடைக்கு வரும்வரை முகம் எனக்குத் தெரியாது, பெயரை மட்டும் கூரை வழியாக நூற்றுக்கணக்கான தரம் கேட்டிருக்கிறேன். "சில்வன்" என்று ஒலிபெருக்கி சொல்லும். "கப்பெலர்" என்று கொங்கிரீட் சொல்லும்.

ஒரு மாலை, முதல் இடைவேளையில் எங்கள் வரிசை திடீரென்று அமைதியானது. முப்பது பேர் நிற்கிறார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. நடுவில் ஒரு நெட்டையான ஆள், முழங்காலில் பட்டியோடு, சாதாரண மேற்சட்டை. காயம்பட்டு அன்று ஆடாமல் இருந்த கப்பெலர்தான் என்று பவானி அக்கா காதுக்குள் சொன்னார். எங்கள் ஊரில் என்றால் தோளில் தூக்கியிருப்பார்கள், குறைந்தது முன்னால் தள்ளியாவது விட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் அவரைத் தொடவில்லை, படம் எடுக்கவில்லை, வழிவிடவும் இல்லை. அவருக்கு முன்னால் நின்ற ஆளை "விடுங்கோவன்" என்று நான் சைகை செய்தேன். அந்த மனிதர் மெல்லிய குரலில் "அவர் வரிசையிலை நிக்க விரும்பித்தானே வந்தவர்" என்றார். இப்படியும் மரியாதை செய்யலாம் என்று அன்றுதான் அறிந்தேன்.

கப்பெலரின் முறை வந்தது. ஆட்டம் பார்ப்பீர்களா என்று என்னைக் கேட்டார். பார்ப்பதில்லை, கேட்பேன் என்றேன். என்ன கேட்கும் என்றார். உண்மையைச் சொன்னேன். "எங்கட மற்ற ஆட்டக்காரரின்ரை கோலுக்கு முதல் சத்தம் கூடிக் கூடி வரும். உங்கடை கோலுக்கு முதல் சத்தம் நிக்கும். பக் உங்கடை தடிக்கு வந்த உடனை ஆறாயிரம் பேரும் மூச்சை இழுத்துப் பிடிக்கினம். அரை செக்கன் இருக்கும். அதைக் கேட்ட உடனை நான் நாப்பது வூர்ஸ்டைக் கையிலை எடுத்திடுவன்." பக் என்பது அவர்கள் அடித்து விளையாடுகிற கறுப்பு ரப்பர் வில்லை. கப்பெலர் கடிக்கப் போன வூர்ஸ்டைக் கீழே இறக்கினார். பிறகு சொன்னார்: "எட்டு வருசமா ஆடுறன். அந்த அமைதி எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை."

செவ்வாய்க்கிழமைச் செய்தி

போன பருவத்தின் நடுவில் எங்கள் அணி அடிமட்டத்துக்குப் போனது. கப்பெலர் இரண்டு கோல் போடுவார், நாங்கள் ஐந்து வாங்குவோம். கோல்கீப்பருக்கு இடுப்பில் காயம், அவருக்குப் பதிலாக நின்ற பையனுக்குத் தன்னம்பிக்கையில் காயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தது. கப்பெலரைப் பெரிய கழகம் ஒன்றுக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஒரு கோல்கீப்பரையும் ஒரு இளம் தடுப்பாட்டக்காரரையும் மாற்றிக்கொண்டார்கள்.

அன்று மாலை மண்டபத்தில் ஆட்டம் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் என்ன வேண்டும் என்பதையே மறந்து வாதாடினார்கள். வழக்கமாக ஒரு நாளில் பத்து வார்த்தை பேசாத மனிதர்கள். ஒரு பக்கம், கூரை ஒழுகுகிற வீட்டுக்கு அழகான முன்கதவு எதற்கு என்றது. மறுபக்கம், கோல்கீப்பரை எங்கேயும் வாங்கலாம், அந்த மாதிரி ஒரு கையை எங்கே வாங்குவது என்றது. ஒருவர் அழுதார். கட்டட வேலைக்காரர், என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. கூச்சப்படாமல், கண்ணைத் துடைக்காமல் வரிசையில் நின்றபடியே அழுதார். பின்னால் நின்றவர் அவருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு தட்டு வூர்ஸ்ட் கரியாய்ப் போனது.

ஹவுசியும் வால்டரும் அன்று ஒன்றாகவே வந்தார்கள். அதுவே நல்ல சகுனம் இல்லை. ஹவுசி மாற்றின பக்கம், வால்டர் மாற்றக் கூடாத பக்கம். "உனக்குக் கழகத்தைவிடக் கப்பெலர் பெரிசு" என்றார் ஹவுசி. "உனக்கு லாபம் எண்டா நீ என்னையும் குடுத்து மாத்துவாய்" என்றார் வால்டர். ஹவுசி வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் போதும். கடுகைத் தடவிக்கொண்டே பகிடி விட்டார். வால்டர் தன் கருகின வூர்ஸ்டைக் கடிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. ஹவுசி விட்ட பகிடி இதுதான்: "நல்ல கோல்கீப்பர் கிடைச்சா யோசிப்பன்."

மாற்றுச் சம்பந்தம்

கடையைக் கழுவும்போது நான் பவானி அக்காவிடம் கேட்டேன், நீங்கள் எந்தப் பக்கம் என்று. அவருக்கு ஹொக்கியில் அபிப்பிராயம் உண்டு. பதினேழு வருடம் கேட்டவர்.

"உது எங்கட ஊரிலை நடக்கிறதுதானே தம்பி. மாற்றுச் சம்பந்தம்" என்றார். எங்கள் வாசகர்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வீட்டு அண்ணனுக்கு மற்ற வீட்டுப் பெண், அந்த வீட்டுப் பையனுக்கு இந்த வீட்டுத் தங்கை என்று இரண்டு குடும்பமும் பிள்ளைகளை மாற்றிக் கட்டிவைப்பது. சீதனப் பேச்சு இல்லாமல் இரண்டு காரியம் ஒன்றாக முடிந்துவிடும். "எங்கட அண்ணைக்கு அவையின்ரை மகள். அவையின்ரை மகனுக்கு நான். ரெண்டு பக்கத்துப் பெரிய ஆக்களும் ஒரு பின்னேரம் இருந்து கூட்டிக் கழிச்சுப் பாத்து, ரெண்டு பேருக்கும் லாபம் எண்டவை."

அக்காவின் கணவரை எனக்குத் தெரியும். தங்கமான மனிதர். மழை பெய்தால் குடையோடு ஸ்டேஷனில் வந்து நிற்பார். அந்தத் துணிவில்தான் கேட்டேன், உண்மையிலேயே லாபம்தானோ அக்கா என்று. அவர் பொரியல் கூடையைத் தட்டிக் கவிழ்த்து, எண்ணெய் வடிய விட்டார். கோபமில்லை, வருத்தமும் இல்லை. "லாபமாத்தான் முடிஞ்சது. ஆனா அண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. கப்பெலரிட்டையும் கேட்டிருக்க மாட்டினம்."

பாசலில் இருந்து வந்தவர்

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், பாசலில் மருந்துக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். சுவிஸ் வந்த முதல் வருடம் எங்கள் நகரத்தில் இருந்தாராம், அதனால் இந்த அணி. எல்லாவற்றையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

மாற்றம் நடந்து மூன்றாவது கிழமை வந்தார். புதுக் கோல்கீப்பர் வந்த பிறகு நாங்கள் வாங்கும் கோல் பாதியாகிவிட்டதாம். அடிக்கும் கோல் குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தாலும் கழகத்துக்கு லாபமாம். தொலைபேசியில் கோடு, வட்டம், பச்சை, சிவப்பு எல்லாம் காட்டினார். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. காதிலேயே வித்தியாசம் தெரிந்தது. பக் எங்கள் கோல்கீப்பரின் கால்கவசத் தோலில் "தொப்" என்று மோதும், அதன் பிறகு மேலே ஒரு நீண்ட பெருமூச்சு. அது எங்கள் மண்டபத்தில் புதுச் சத்தம்.

இவ்வளவையும் அவர் விளக்கியது முதுகில் பதினேழும் கப்பெலரின் பெயரும் அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு. "தம்பி, லாபம் எண்டிறீர், பிறகேன் உந்தச் சட்டை?" என்றேன். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார், ஏதோ இப்போதுதான் கவனித்தவர்போல. "கணக்கு, அவரைக் குடுத்தது சரின்னுதான் சொல்லுதுங்கண்ணா. சட்டையைக் கழட்டுன்னு சொல்லலையே."

கிரில்லின் ஓரம்

அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்று ஊரே கவலைப்பட்டது. எனக்கிருந்த கவலை வேறு. இருபத்தாறு வருடக் கூட்டு என் கடை மேசையில், என் கண்ணுக்கு முன்னால் முறிந்தது. பருவம் முடிந்தால் கோடை. ஹவுசியும் வால்டரும் சந்திக்கிற ஒரே இடம் அந்தப் படிதான் என்று எனக்குத் தெரியும். இப்படியே ஏப்ரல் வந்துவிட்டால் பிறகு ஒருபோதும் ஒட்டாது.

வால்டர் படிக்கட்டின் மறுகோடிக்கு மாறிவிட்டார். அங்கே வேறு கடை. ஹவுசி முதல் இடைவேளையில் தனியாக வந்து "ஒண்டு" என்பார். முதல் தரம் என் கை பழக்கத்தில் இரண்டை வைத்துவிட்டது. அவர் ஒன்றை விரலால் மெதுவாகத் திருப்பித் தள்ளினார், கண்ணைப் பார்க்கவில்லை. நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாவது இடைவேளைக்கு, கிரில்லின் ஓரத்தில் ஒரு வூர்ஸ்டைத் தள்ளி வைத்துக் கறுக்க விட்டேன். அது வால்டரின் முறை. வந்தால் இருக்கட்டும் என்று. வரமாட்டார். குப்பைக்குப் போகும்.

இதற்கிடையில் அணி ஏறத் தொடங்கியது. ஹவுசி அன்று வாதாடினதெல்லாம் ஒவ்வொன்றாகப் பலித்தது. ஒரு நாள் தொடர்ந்து நாலாவது வெற்றி. மேலே பாட்டு, குதிப்பு. ஹவுசி வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார். வாழ்த்துச் சொன்னேன். அவர் வூர்ஸ்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் சொன்னது சரியாப் போச்சு, அன்ரன். அதைச் சொல்லத்தான் பக்கத்திலை ஆள் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை

வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். ஆட்டம் சமனாகி ஒரு புள்ளி கிடைத்தால் போதும், அணி தப்பிவிடும். கிடைக்காவிட்டால், யார் இறங்குவது என்று முடிவுசெய்கிற ஆட்டங்களுக்குப் போகவேண்டும். எதிரே வந்தது கப்பெலரின் புதுக் கழகம். அங்கேயும் அவருக்குப் பதினேழுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் வரிசையில் ஒரே கேள்வி. கப்பெலர் ஐஸில் இறங்கும்போது விசில் அடிப்பதா, கை தட்டுவதா? முடிவு கிடைக்கவில்லை. மேலே அவர் இறங்கினபோது இரண்டும் நடக்கவில்லை. ஆறாயிரம் பேர் இருமுவது மட்டும் கேட்டது. முதல் பகுதியில் கோல் இல்லை. ஹவுசி வந்தார், ஒன்று வாங்கினார், போனார்.

இரண்டாவது பகுதி முடிய ஒன்பது நிமிடம். நான் இடுக்கியை எடுக்கிறேன், கூரையின் சத்தம் நின்றது. அந்த அரை செக்கன். பல கிழமைகளாக நான் கேட்காத அமைதி. ஆறாயிரம் பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பிறகு வலையில் ஒரு "சப்". ஒலிபெருக்கி "பதினேழாம் இலக்கம், சில்வன்" என்றது. கொங்கிரீட் "கப்பெலர்" என்றது, மண்டபம் அதிர. நான் நாற்பதையும் கிரில்லில் கொட்டிவிட்டேன்.

"ஹோர்ன் ஊதேல்லையே, தம்பி" என்றார் பவானி அக்கா.

"ஹோர்ன் பழுதாக்கும், அக்கா. அடிச்சது நாங்கள்தான்."

இரண்டாம் தரம் "சில்வன்" வரவில்லை. மேலே ஒரு ஐந்து செக்கன் செத்த அமைதி. பிறகு எங்கேயோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. அதன் பிறகு கை தட்டல் தொடங்கியது. மழை மாதிரித் தொடங்கி, நிற்கவே இல்லை. பவானி அக்கா அடுப்பை விட்டு வெளியே போய், ரிவியை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னார். கோல் எங்களுக்கு எதிரானது. அறிவிப்பாளர் எட்டு வருடம் சொன்ன பழக்கத்தில் முதற்பெயரோடு நிறுத்திவிட்டார். சனமும் எட்டு வருடம் கத்தின பழக்கத்தில், தங்களுக்கு விழுந்த கோலுக்குத் தாங்களே கத்திவிட்டது. கப்பெலர் ஐஸின் நடுவில் தடியைத் தூக்காமல், கொண்டாடாமல், எங்கள் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாராம். அந்த அமைதி அன்றைக்காவது அவருக்குக் கேட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இடைவேளை வந்தது. நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு. பவானி அக்காவின் விதிப்படி நாற்பது வூர்ஸ்ட் வீண். ஆனால் சனம் பியரை மறந்து, கன்னம் சிவக்க, அறியாதவரோடெல்லாம் கதைத்தபடி வந்து சாப்பிட்டது. பல கிழமைகளாக மாற்றினது சரியா பிழையா என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாயால் கத்தி அகப்பட்டுக்கொண்டவர்கள். இனி எந்த முகத்தோடு வாதாடுவது?

வரிசை குறைந்துகொண்டு வந்தபோது, என் முன்னால் வால்டர் நின்றார். இரண்டாவது இடைவேளை, அவருடைய முறை. அவரும் கத்தினதில் குரல் கட்டிப்போயிருந்தது.

"ரெண்டு" என்றார். "ஒண்டுக்குக் கடுகு."

"மற்றது?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

கிரில்லின் ஓரத்தில் அது கறுத்து வெடித்துத் தயாராகக் கிடந்தது. எடுத்து வைத்தேன். ஹவுசியோடு கதைத்தீர்களோ என்று கேட்டேன். இன்னும் இல்லை, இப்போதுதான் போகப்போகிறேன் என்றார். கடுகு வைத்ததை வலக்கையிலும் கருகினதை இடக்கையிலும் எடுத்துக்கொண்டு, போகுமுன் திரும்பி நின்று சொன்னார்: "கப்பெலரைக் குடுக்கச் சொன்னவன் அவன். இண்டைக்குக் கப்பெலர் எண்டு முதல் கத்தினதும் அவன்தான். நான் மற்றக் கோடியிலை நிண்டனான், எண்டாலும் ஆறாயிரம் பேருக்குள்ளை அவன்ரை குரல் எனக்குத் தெரியும்."

மூன்றாவது பகுதியில் எங்கள் இளம் தடுப்பாட்டக்காரர் ஒன்றைத் திருப்பி அடித்தார், கடைசி நிமிடத்தில் கப்பெலரின் அடியைப் புதுக் கோல்கீப்பர் "தொப்" என்று நிறுத்தினார், வேண்டியிருந்த புள்ளி கிடைத்தது. அதை வால்டரும் ஹவுசியும் எங்கள் தலைக்கு மேலே, பூச்சுப் போன கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நின்று பார்த்தார்கள் என்று பவானி அக்கா ஏறிப் பார்த்து வந்து சொன்னார்.

நட்சத்திரத்தைக் கொடுத்தது லாபமா நட்டமா என்று இன்றைக்கும் வரிசையில் நின்று என்னைக் கேட்கிறார்கள். பதினொரு வருடத்தில் ஒரு கோலும் பார்க்காதவன் என்ற தகுதியில் நான் சொல்லக்கூடியது, அன்று பிழையாகப் போட்ட நாற்பதும் விற்றுப்போயின, கருகின ஒன்று உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான்.